பழைய ஜப்பானியத் தன்சுப் பெட்டியைப் பார்த்து வாங்குவது எப்படி? முதுகிலிருந்து தொடங்குங்கள்

பழம்பொருள் கடையில் 'தன்சு' என்ற ஜப்பானிய இழுப்பறைப் பெட்டியை எப்போதும் முகம் காட்டித்தான் நிறுத்தியிருப்பார்கள். கருத்த இரும்புத் தகடுகள், அலையலையாக ஓடும் மர ரேகை, உருஷி மரத்துப் பாலைப் பூசித் தேய்த்த மினுமினுப்பு. பார்த்தவுடனே விலை கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். முகம் விருந்தாளிக்காகச் செய்தது. பெட்டியின் வயதும் தச்சனின் கையும் தெரிவது முதுகிலும் இழுப்பறையின் அடியிலும்தான்.

தன்சு எடோ காலத்தில் (1603–1868) வளர்ந்து, மெய்ஜி காலத்தில் (1868–1912) பரவலானது. ஒரு டார்ச் விளக்கும் சில துண்டுச் சீட்டுகளும் இருந்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

படி 1: எண் போட்டு உருவுங்கள்

இழுப்பறைகளை வெளியே எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றினுள்ளும் எண் எழுதிய சீட்டு ஒன்றைப் போடுங்கள். ஒட்ட வேண்டாம், பசை மரத்தில் கறையாகிவிடும். நான் முதன்முதலில் ஆறு இழுப்பறைகளை உற்சாகமாக உருவிக் கலந்து வைத்துவிட்டு, கடைக்காரர் முன்னால் அரை மணி நேரம் முழித்தேன். பார்வைக்கு எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் கையால் இழைத்தவை, ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது.

இப்போது மரத்தைப் பாருங்கள். முகப்பில் பெரும்பாலும் கெயாகி என்ற கடினமான மரம் இருக்கும். பக்கமும் அடியும் கிரி அல்லது சுகி என்ற லேசான மரமாக இருக்கும். இது ஏமாற்று வேலையல்ல, வழக்கமே அதுதான். கிரி மரம் ஆச்சரியப்படும் அளவுக்கு எடை குறைவு. ஈரப்பதம் ஏறி இறங்கும்போது அதற்கேற்ப உப்பிச் சுருங்கி, உள்ளே ஈரம் புகாமல் காக்கும் என்பதால், பட்டுக் கிமோனோவை அதில் வைத்தார்கள். பெண் குழந்தை பிறந்தால் கிரிக் கன்று நட்டு, கல்யாணத்தின்போது அதை வெட்டித் தன்சு செய்து கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அவ்வளவு வேகமாக வளரும் மரம்.

படி 2: முதுகைத் தடவிப் பாருங்கள்

பின்பலகையில் உள்ளங்கையை வைத்து நகர்த்துங்கள். கையால் இழைத்த பலகை என்றால் மெல்லிய ஏற்ற இறக்கம் விரலுக்குத் தட்டுப்படும். ஒரே சீரான வளைவுக் கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பம் அறுத்த பலகை. பிற்காலத்தது, அல்லது பின்னாளில் மாற்றியது.

அடுத்து ஆணி. நல்ல வேலையில் மூங்கில் அல்லது உத்சுகி மரத்தால் செய்த ஆணிகள் இருக்கும். மர ஆணி துருப்பிடிக்காது, மரத்தோடு சேர்ந்தே அசையும். இடையிடையே வட்டத் தலைக் கம்பி ஆணி தெரிந்தால், யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்.

அதிர்ஷ்டம் இருந்தால் பின்பலகையிலோ இழுப்பறையின் முதுகிலோ தூரிகை மையில் தேதி எழுதியிருக்கும். மெய்ஜி ஆண்டோடு 1867-ஐயும், அடுத்து வந்த தைஷோ காலத்து ஆண்டோடு 1911-ஐயும் கூட்டுங்கள். மெய்ஜி 25 என்றால் 1892. மை மங்காமல் புத்தம் புதிதாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

படி 3: இரும்போடு பேசுங்கள்

கைப்பிடிகளில் 'வராபிதே' என்றொரு வகை உண்டு. முனை இரண்டும் இளம் பெரணித் தளிர் போலச் சுருண்டிருக்கும். செண்டாய் நகரத்துத் தன்சுகளில் சிங்கமும் டிராகனும் தட்டி எழுப்பிய பெரிய தகடுகளைக் காணலாம். அழகில் மயங்கிவிடாமல் கைப்பிடியைத் தூக்கிவிட்டு அதன் பின்னால் பாருங்கள். பல பத்தாண்டுகளாக அது விழுந்து விழுந்து மோதிய தழும்பு அங்கே இருக்க வேண்டும். தழும்பு ஓரிடத்திலும் கைப்பிடி வேறிடத்திலும் இருந்தாலோ, அடைத்த பழைய துளைகள் தெரிந்தாலோ இரும்பு மாறியிருக்கிறது. விலையைக் குறைத்துக் கேட்க இது ஒன்றே போதும்.

படி 4: என்ன வேலைக்குச் செய்தது?

துணிக்கு இஷோ-தன்சு, கடைக் கணக்குக்கு ச்சோபா-தன்சு, சமையலறைக்கு மிசுயா. படிக்கட்டாகவும் பயன்படுவது கைதன்-தன்சு. கப்பல்காரர்களின் ஃபுனா-தன்சு தனி உலகம்: வெளியே கனத்த கெயாகியும் இரும்பும், உள்ளே கிரிப் பெட்டிகள். சாதோ தீவின் ஓகி, ஃபுகுயின் மிகுனி, சகாதா ஆகிய துறைமுகங்கள் இதற்குப் பேர்போனவை.

சக்கரம் வைத்த குருமா வகையின் கதை சோகமானது. 1657-இல் எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) தீப்பிடித்து எரிந்தபோது, ஆளாளுக்குச் சக்கரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடியதில் தெருக்கள் அடைபட்டன. பிறகு அவற்றுக்குத் தடை வந்தது.

படி 5: சுத்தம் செய்வது

மென்மையான தூரிகை, உலர்ந்த துணி. அவ்வளவுதான். உப்புத்தாள் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பூச்சில்லாத கிரியில் ஈரத்துணி பட்டாலே கறை பிடிக்கும். இரும்பின் கருமையைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் பெட்டியின் மதிப்பையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறீர்கள். கிரித் தன்சுவை வெந்நீரில் கழுவி, இழைத்து, களிமண் பொடி பூசிப் புதிதாக்கும் கைவினைஞர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். அது அவர்கள் கைக்கு அடங்கும் வேலை, நம் கைக்கல்ல. வெயிலும் ஏசி காற்றும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள்.

படி 6: திரும்ப மாட்டுங்கள்

சீட்டைப் பார்த்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள். கடைசி இழுப்பறையை மெதுவாகத் தள்ளும்போது மற்றவற்றைக் கவனியுங்கள். நல்ல கிரித் தன்சுவாக இருந்தால், உள்ளே அடைபட்ட காற்று போக வழியில்லாமல் இன்னொரு இழுப்பறையை ஒரு விரல் அளவுக்கு வெளியே தள்ளும். தள்ளியதா? இப்போது விலை கேளுங்கள்.