இடிபட்ட தியேட்டரின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

ஊரில் இல்லாமல் போன தியேட்டரைப் பற்றி எழுதத் தொடங்குபவர்கள் நேராகப் பெரியவர்களிடம் போய், "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். முறுக்கு, சோடா, மணலைக் குவித்து உட்கார்ந்தது என்று எந்தக் கொட்டகைக்கும் பொருந்தும் பதில்தான் வரும். அந்த ஒரு தியேட்டருக்கே உரிய செய்திகள் வேண்டுமானால் படப்பட்டியலோடு போகவேண்டும். ஆண்டு மறந்துபோனவர்களுக்கும் என்ன படம் ஓடியது என்பது நினைவிருக்கும்.

முதலில் படப்பட்டியல்

பழைய நாளிதழ்களின் சினிமா விளம்பரங்களில் அடியில் தியேட்டர் பெயர்கள் வரிசையாக இருக்கும். சென்னையில் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தேடலாம். எல்லா நாளையும் புரட்டினால் பாதியில் கைவிட்டுவிடுவீர்கள். தீபாவளி, பொங்கல், சித்திரை முதல் நாள் ஆகிய மூன்று வாரங்களை மட்டும் முதலில் எடுங்கள். முப்பது ஆண்டுக்குத் தொண்ணூறு வாரம். அதில் தியேட்டரின் முதுகெலும்பு கிடைத்துவிடும். திறப்பு நாளும் பெரும்பாலும் பண்டிகையை ஒட்டியே அமையும்: மதுரை தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தது.

நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்தால் போதும்: இதழின் தேதி, படம், புதிய வெளியீடா பழைய படமா, எத்தனையாவது வாரம். மூன்றாவது பத்தியை விட்டுவிடாதீர்கள். தெருமுனைத் தியேட்டர்களில் பல, பெரிய தியேட்டரில் ஓடி முடிந்த படத்தை மாதங்கள் கழித்து, சில சமயம் ஆண்டுகள் கழித்து, போட்டவை. ஒரு புகைப்படத்தில் தெரியும் போஸ்டரின் படம் 1965-ல் வெளியானது என்றால், அந்தப் புகைப்படம் 1965-க்கு முந்தையதல்ல என்பது மட்டுமே உறுதி. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

தேதியில்லாத காகிதங்கள்

டிக்கெட், நோட்டீஸ், லெட்டர்பேட் எதிலும் ஆண்டு இராது. ஆனாலும் காலத்தைக் கணிக்கலாம். டிக்கெட்டில் அணா என்று அச்சிட்டிருந்தால் அநேகமாக 1957-க்கு முந்தையது. அந்த ஏப்ரலில்தான் பைசா வந்தது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957 முதல் 1964 வரை அச்சானது, மிச்சமிருந்த டிக்கெட் கட்டுகளைச் சில மாதம் கூடுதலாகக் கிழித்திருக்கலாம். முகவரியில் 'சென்னை-5' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முன். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் நிச்சயம் அதற்குப் பின். நோட்டீஸில் ணை, லை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-ல் வந்தாலும் சிறிய அச்சகங்கள் பழைய ஈய எழுத்தையே வைத்து ஓட்டின. எனவே பழைய வடிவத்தை மட்டும் நம்பி ஆண்டு போடாதீர்கள்.

பேச்சில் வரும் 'நாலணா டிக்கெட்' எதையும் நிரூபிக்காது. இருபத்தைந்து பைசாவை வெகுகாலம் அப்படித்தான் சொன்னார்கள்.

அலுவலகக் கோப்புகள்

1955-ம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி நிரந்தரக் கட்டடத் தியேட்டருக்கு சி படிவ உரிமம் வேண்டும். மாவட்டங்களில் கலெக்டர், சென்னையில் போலீஸ் கமிஷனர் கொடுத்தார்கள். அந்தக் கோப்பில் கட்டட வரைபடமும் வகுப்புவாரியான இருக்கை எண்ணிக்கையும் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு. "தியேட்டரின் முழு வரலாறு வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. "இன்ன தெருவிலிருந்த இன்ன தியேட்டரின் சி படிவ உரிம நகல், இருக்கை வரைபடம், உரிமம் முடிந்த தேதி" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பு அழிக்கப்பட்டது என்று பதில் வந்தால் அழித்த பதிவேட்டின் நகலைக் கேளுங்கள், ஆண்டாவது கிடைக்கும்.

நிலம் கைமாறியதை வில்லங்கச் சான்று காட்டும். சர்வே எண் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பத்திரத்தின் நான்கெல்லையில் தியேட்டர் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2000-க்குப் பின் இடித்ததென்றால் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் கூரை தெரிய வாய்ப்புண்டு. நீள அகலத்தை அங்கேயே அளந்துவிடலாம்.

ஆட்களிடம் கேட்பது

முதலாளி குடும்பத்தைவிட, படம் ஓட்டிய ஆபரேட்டரும், டிக்கெட் கிழித்தவரும், போஸ்டர் ஒட்டியவரும், சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருந்தவரும் முக்கியம். வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். அலுவலகக் கோப்பு காத்திருக்கும்.

"எத்தனை இடைவேளை விடுவார்கள்?" என்று கேளுங்கள். மூன்று நான்கு என்றால் ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்ற ஒவ்வொரு முறையும் விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஒன்றே என்றால் இரண்டு மெஷின் இருந்திருக்கும். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்தார்களா, ஒரே படப்பெட்டியை இரண்டு தியேட்டர் பங்கிட்டு ரீலை சைக்கிளில் கொண்டுபோனார்களா, படம் தொடங்கப் போவதை எந்தப் பாட்டு தெருவுக்குச் சொன்னது, மழையில் கூரை எங்கே ஒழுகியது, பெண்கள் பக்கத்துத் தடுப்பு எதுவரை இருந்தது, தரை டிக்கெட்டுக்குத் தனி வாசலா என்றும் கேளுங்கள். யார் எங்கே உட்கார முடிந்தது, யாரை எங்கே உட்கார விடவில்லை என்பதைக் கட்டாயம் கேட்கவேண்டும். அது எந்த விளம்பரத்திலும் இல்லை.

காகிதத்தில் ஒரு செவ்வகம் போட்டு, திரை இருந்த பக்கத்தை மட்டும் குறித்துக் கொடுத்து, மீதியை அவரையே வரையச் சொல்லுங்கள். மூன்று பேர் தனித்தனியே வரைந்தவை ஒத்துப்போகும் இடங்களை நம்பலாம். இருக்கை எண்ணிக்கையை மட்டும் எல்லாரும் கூட்டியே சொல்வார்கள். உரிமக் கோப்பைக் கொண்டு திருத்துங்கள்.

பேச்சைப் பதிவு செய்யும் செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லத் தயங்கவேண்டாம். அந்த இரைச்சலைப் பிறகு எடுப்பது கடினம். பதிவு செய்வதற்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியே சம்மதம் வாங்குங்கள்.

கிடைத்ததைப் பாதுகாப்பது

டிக்கெட்டை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), நோட்டீஸை 400 டிபிஐ என்று ஸ்கேன் செய்து டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். இரவல் வாங்கியதை அன்றே திருப்பிக் கொடுங்கள்.

ஆபரேட்டர் வீட்டில் 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிம் துண்டு கிடைத்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். பயங்கரமாகத் தீப்பிடிக்கும். கொளுத்திச் சோதிக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், இறுக்கமான டப்பாவில் அடைக்காதீர்கள். புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று நகல்: உங்களிடம் ஒன்று, வேறு ஊரில் ஒன்று, நூலகத்தில் ஒன்று.