எல்லை மூடினாலும் மாத்திரை நிற்கக் கூடாது: இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள்

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, மலேசியாவில் கெடா மாநிலத்து எங்கள் பாடாங் செராயில் ஒரு தோம்யாம் கடையில் சமையல் பார்த்த சயாம்கார, அதாவது தாய்லாந்துப் பெண்ணிடம் 11 மாத்திரைதான் மிச்சம் இருந்தது. எச்.ஐ.வி. மருந்து. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹாட்யாய் நகரத்துக்குப் போய் வாங்கி வருவார். அன்றைக்குப் புக்கிட் காயு ஈத்தாம் எல்லை வாசல் மூடிவிட்டது. என்னிடம் வந்து ஒரு சின்னத் துணிப்பையை நீட்டினார். உள்ளே மருந்து டப்பா, லேபிள் முழுக்க சயாம் எழுத்து. முப்பது வருஷம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்தவள் நான். அந்த டப்பாவில் ஒரு எழுத்துகூட எனக்குப் படிக்க வரவில்லை.

அன்று கைகொடுத்தது ஒரு போன் நம்பர். ஹாட்யாயில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் துணையாக இருக்கும் ஒரு அக்காவை அதற்கு முந்தைய வருஷம்தான் பழக்கம் பிடித்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் அவர் அந்தப் பெண்ணின் சிகிச்சை அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார், மருந்துப் பெயர்கள் ஆங்கிலத்தில். அதைப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்து டாக்டர் மருந்து எழுதினார். காசு கொடுத்துத்தான் வாங்கினோம். ஆனால் ஒரு நாள் மாத்திரைகூட விட்டுப்போகவில்லை. நம் எல்லை மறுபடி திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. அதுவரை அந்தப் பெண் இங்கேதான் இருந்தார்.

நாடுகள் கூடிப் பேசாமல் இல்லை. ஆசியான் தலைவர்கள் 2001ல் புருணையில் எச்.ஐ.வி. பற்றிக் கூட்டு அறிக்கை விட்டார்கள். ஆப்பிரிக்காவில் அபிஜானிலிருந்து லாகோஸ் வரை போகும் நெடுஞ்சாலைக்கு 2002ல் ஐந்து நாடுகள் சேர்ந்து ஒரு அமைப்பையே உண்டாக்கி, லோரிகள் காத்துக் கிடக்கும் எல்லை ஊர்களில் வேலை செய்தன. பெரியவர்கள் அதைச் செய்யட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லை தாண்டி லோரி ஓட்டும் ஒரு டிரைவர் தம்பி எல்லையில் நின்றுகொண்டு "மிஸ்ஸி, மாத்திரை முடிஞ்சிருச்சு" என்று அழைத்தால் யாருக்குப் போன் போடுவது என்பதை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உதவுகிற நாம்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். அதைத்தான் சொல்லித் தருகிறேன்.

முதல் வேலை, அந்தப் பக்கத்து ஆளைத் தேடுவது. ஹாட்யாய் இருக்கும் சோங்க்லா மாநிலத்தில் மலாய் பேசுகிறவர்கள் நிறைய உண்டு, அதனால் பாஷைக்குப் பயப்பட வேண்டாம். போனில் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். நானும் அந்த அக்காவும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரான டானோக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினோம். எத்தனை மணி வரை அழைக்கலாம், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரை அழைப்பது, எந்த டாக்டர் வெளிநாட்டுக்காரரைப் பார்ப்பார், என்ன செலவாகும் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். செய்தி அனுப்ப அங்கே பெரும்பாலும் லைன் (LINE) ஆப்தான், வாட்ஸ்அப் குறைவு. லைனை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மாதத்தில் ஒருநாள் சும்மாவாவது பேசுங்கள். ஒரு வருஷம் பேசாத நம்பர் அவசரத்துக்கு எடுக்காது.

அடுத்தது சம்மதம். இதில் நான் தப்புச் செய்திருக்கிறேன். ஒரு டிரைவரின் ரத்தச் சோதனைத் தேதியை ஞாபகப்படுத்த வீட்டுக்குப் போன் போட்டேன். அவருடைய மாமியார் எடுத்தார். நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை, கிளினிக்கிலிருந்து என்றுதான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. லயத்து வீடுகளில் ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அந்தத் தம்பி மூன்று மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை, மருந்துக்கும் வரவில்லை. அன்றிலிருந்து அவரவரிடமே கேட்கிறேன்: எந்த நம்பருக்கு அழைக்கலாம், அந்தப் பக்கத்து அக்காவிடம் உங்கள் பெயரைச் சொல்லலாமா, எது வரைக்கும் சொல்லலாம்? வேண்டாம் என்றால் அக்காவின் நம்பரை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். தேவைப்பட்டால் அவரே பேசிக்கொள்வார்.

இப்போது, ஒவ்வொருவரும் கையில் வைத்திருக்க வேண்டிய மருந்து அட்டை. பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது. அடையாளக் கார்டு அளவில் ஒரு தாள் போதும். மருந்தின் பொதுப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்பது போல, எத்தனை மில்லிகிராம் என்பதோடு. கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தது, வைரஸ் அளவு என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதுங்கள். எச்.ஐ.வி. என்ற எழுத்து தாளில் வேண்டவே வேண்டாம், மருந்துப் பெயரைப் பார்த்தாலே டாக்டருக்குப் புரியும்.

தேதி எழுதும்போது மாதத்தைப் பெயராகவும் வருஷத்தை நான்கு இலக்கத்திலும் எழுதுங்கள். சயாமில் புத்த வருஷம், நம்முடையதைவிட 543 கூட. 2023 அங்கே 2566. ஒரு தம்பி கொண்டு வந்த சீட்டில் '12/6/66' என்று இருந்தது, ஒரு கவுண்டரில் அது தப்பான சீட்டு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரமும் அப்படித்தான்: நமக்கு இரவு ஒன்பது என்றால் ஹாட்யாயில் எட்டு. போன் மணி தானாக மாறிவிடும், கைக்கடிகாரம் மாறாது. எங்கள் டிரைவர்கள் மாத்திரைக்கு மலேசிய நேரத்திலேயே அலாரம் வைத்துக்கொள்கிறார்கள்.

மாத்திரையைப் பயண நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். பெயர் ஒட்டிய டப்பாவோடு, தன்னுடையதை மட்டும். இன்னொருவர் மருந்தை யாரும் சுமக்கக் கூடாது. லோரியின் முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்க வேண்டாம். நேரங்கெட்ட சாப்பாட்டால் டிரைவர்கள் வயிற்றெரிச்சல் மருந்து அடிக்கடி குடிக்கிறார்கள். டோலுடெகிராவிர் போடுகிறவர் அதைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோதான் மாத்திரை போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக ஏறாது. விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். தவறாமல் போட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால் உடலுறவில் மற்றவருக்குத் தொற்றாது. இதை மனைவிமாரிடமும் சொல்லுங்கள். எத்தனையோ வீட்டில் அழுகை அன்றோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

தொற்று இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆணுறை லோரியிலேயே இருக்கட்டும். சயாம் 1991லேயே பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் ஆணுறை கட்டாயம் என்று நாடு முழுக்கத் திட்டம் போட்டுத் தொற்றைக் குறைத்த நாடு, அதற்காக நம்மவர் கை வீசிப் போகக் கூடாது. அடிக்கடி ஆபத்தில் இருப்பவர், தொற்று வராமலிருக்க முன்கூட்டியே போடும் முன்தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்கட்டும், 2023லிருந்து இங்கே சில அரசு கிளினிக்குகளில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். அரசு கிளினிக்கில் பெயர் சொல்லாமலே இலவசமாக டெஸ்ட் செய்யலாம். தொற்று இருந்தால் விரல் குத்திப் பார்க்கும் டெஸ்டில் அது தெளிவாகத் தெரிய, ஆபத்து நடந்த நாளிலிருந்து 3 மாதம் வரை ஆகலாம், அதனால் சீக்கிரம் பார்த்தவர் மறுபடி பார்க்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே வேலை பெர்மிட்டுக்கான பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் சேர்த்தி, இருந்தால் பெர்மிட் இல்லை. நம் நாடும் செம்பனைத் தோட்டத்துக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் இதையேதான் செய்கிறது. எனக்கு இது ஏற்பில்லை. வேலை போகும் என்று பயந்தவர் டெஸ்ட் பக்கமே வரமாட்டார், வராதவருக்கு மருந்தும் இல்லை. விதி மாறும்வரை, விண்ணப்பிக்கும் முன் இங்கேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆணுறை கிழிந்தாலோ, பலாத்காரம் நடந்தாலோ, வேறொருவர் போட்டுக்கொண்ட ஊசி குத்திவிட்டாலோ 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஊர் திரும்பி வந்து பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அங்கேயே முதல் மாத்திரை, 28 நாள் கணக்கில் மிச்சம் இங்கே. அந்தப் பக்கத்து ஆள் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவார், சீட்டைப் படம் எடுத்து அனுப்புவார், நீங்கள் மறுநாள் காலை அந்தப் படத்தோடு கிளினிக் வாசலில் நிற்க வேண்டும். போன வருஷம் அப்படி நின்ற ஒரு காலையில், டிரைவர் தம்பி வந்து சேர்வதற்குள் அவருக்கு வரிசை நம்பர் எடுத்து வைத்திருந்தேன்.