முதல் ஊது வாத்தியம்: குழலா, நாயனமா, கிளாரினெட்டா?

வாத்தியத்தை வாங்கி வைத்துவிட்டு வாத்தியாரைத் தேடாதீர்கள். வாரம் இரண்டு நாள் சிரமமில்லாமல் போய்வரும் தூரத்தில் யார், எதைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். மதுரைக்காரர்களுக்குப் பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உண்டு; அங்கே நாயனம் (நாதஸ்வரம்) மூன்று வருடப் படிப்பு. குழல் அந்தப் பாடப் பட்டியலில் இல்லை, அதற்குத் தனி ஆசிரியர்தான் பார்க்க வேண்டும்.

இருந்தாலும் பெரும்பாலோருக்குப் புல்லாங்குழலைத்தான் சொல்வோம். நாயனத்துச் சீவாளி, கிளாரினெட் ரீடு என்று ஊதும் நாணல் நாக்கை அடிக்கடி மாற்றும் செலவு இல்லை. வீட்டில் ஊதினால் பக்கத்து வீடு கதவைத் தட்டாது. ஆனால் எந்தக் குழல் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆன்லைனில் வருவது பெரும்பாலும் ஆறு துளை கொண்ட இந்துஸ்தானி பான்சுரி. அதில் மூன்று துளையை மூடினால் ஸட்ஜம், அதாவது ‘ஸ’. கர்நாடகக் குழலில் ஊதும் துளை போக எட்டுத் துளை. முதல் இரண்டை மூடினால் ஸட்ஜம். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதன் பாடத்தை ஊத முடியாது. துளையை எண்ணிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சித்திரைத் திருவிழாவில் கூடையில் விற்கும் குழலும் பழக ஆகாது. அது சுருதி பார்த்துத் துளைத்தது இல்லை; அதில் கேட்டுப் பழகிய காதைத் திருத்துவது பெரும்பாடு.

அடுத்தது கட்டை, அதாவது குழலின் சுருதியைச் சொல்லும் எண். எண் கூடக் கூடக் குழல் குட்டை, சுருதி மேலே. ஒரு கட்டை, இரண்டு கட்டைக் குழல் நீளம் அதிகம். புதிதாகப் பழகும் கைக்குத் துளைகள் எட்டாது, மோதிர விரல் ஓரத்தில் காற்று கசிந்து சத்தம் உடையும். பெரியவர்களுக்கு ஐந்து கட்டை வசதி. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆறு கட்டைகூடச் சரிதான். ஆனால் ஆசிரியர் எந்தச் சுருதியில் ஊதுகிறாரோ அதையே வாங்குவது நல்லது, கூடவே சேர்ந்து ஊதத்தான் பாடம்.

கடைக்கு ஊதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். செல்போனில் தம்புரா செயலியை அந்தக் குழலின் கட்டையில் வைத்து, இரண்டு துளையை மூடி ஊதச் சொல்லுங்கள். தம்புராவோடு ஒட்டினால் ஒரே சத்தமாகக் கேட்கும். ஒட்டாவிட்டால் சத்தம் விட்டு விட்டு அலையும். விரலை எடுக்காமல் காற்றைக் கொஞ்சம் குறுக்கி ஊதினால் மேல் ஸட்ஜம் வரும். கீழே சேர்ந்து, மேலே சேராத குழலை அங்கேயே வைத்துவிடுங்கள்; அந்தக் குறையைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. நூல் கட்டியிருந்தால் அதன் இரு ஓரத்திலும் நகத்தால் தடவிப் பாருங்கள், விரிசலை மறைக்கவும் நூல் சுற்றுவார்கள்.

ஊதும்போது கீழ் உதடு துளையில் மூன்றில் ஒரு பங்கை மூட வேண்டும். துளைகளை விரல் நுனியால் அல்ல, சதைப்பற்றான பகுதியால் மூடுங்கள். முதல் சில நாள் வெறும் காற்றுதான் வரும், தலையும் சுற்றும். மூச்சை வேகமாக இறைப்பதால் வருவது அது. ஐந்து நிமிடம் ஊதி, உட்கார்ந்து, மறுபடி ஊதுங்கள். மதுரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்த மூங்கில் வெடித்துவிடும். ஊதி முடித்ததும் உள்ளே ஈரத்தைத் துடைத்து, துணி உறையில் போட்டு நிழலில் வையுங்கள்.

நாயனம் வேறு உலகம். மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் ஊதிய ஊரில் அதன்மேல் ஆசை வருவது இயல்பு, வரவும் வேண்டும். தினமும் ஆசிரியர் பக்கத்தில் உட்கார முடிந்தால், காலையில் சத்தமாக ஊத ஓர் இடம் இருந்தால், தயங்காமல் சேருங்கள். ஏழு விரல் துளைகளையும் மூடித் திறப்பது மட்டும் போதாது. உதட்டின் பிடியும் மூச்சின் அழுத்தமும்தான் ஸ்வரத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும். அதைப் பக்கத்திலிருந்து கேட்டுத் திருத்த ஆள் வேண்டும், வீடியோ பார்த்து வராது. சீவாளியை நனைத்துப் பதமாக்கித்தான் ஊத வேண்டும். காய்ந்த சீவாளி கீச்சிடும், அதன் விளிம்பும் பிளக்கும். ஒன்றை நம்பாமல் நாலைந்து கைவசம் வைத்திருங்கள். நாயனத்தில் திமிரி என்பது குட்டை வகை, பாரி நீள வகை. எதில் தொடங்குவது என்பதை ஆசிரியரே சொல்லட்டும்.

சீக்கிரம் சத்தம் வர வேண்டும் என்பவருக்கு ஆல்டோ சாக்சபோன் ஒத்துவரும். கத்ரி கோபால்நாத்துக்குப் பிறகு அதில் கர்நாடக இசை வருமா என்ற கேள்வியே இல்லை. ஆனால் கனம், சிறு பிள்ளையின் கழுத்துக்கு ஆகாது. மேல் முன்பற்கள் ஊதுவாயில் பதிய வேண்டும் என்பதால் பால்பல் விழும் வயதில் சாக்சபோனும் வேண்டாம், கிளாரினெட்டும் வேண்டாம். கிளாரினெட் எடை குறைவு, விலையும் குறைவு, ஆனால் திறந்த துளைகளைச் சிறு விரல் முழுதாக மூடாமல் கீச்சென்று கத்தும். முதல் கிளாரினெட் பிளாஸ்டிக் உடம்பாகவே இருக்கட்டும், மரம் இந்த வெயிலுக்கு வெடிக்கும். சாக்சபோன், கிளாரினெட் இரண்டுக்கும் ரீடு ஒன்றரை அல்லது இரண்டாம் எண். மூன்றாம் எண் வாங்கினால் மூச்சு முட்டும். ஊதி முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்துத் தட்டையான உறையில் வையுங்கள். ஊதுவாயிலேயே விட்டால் நெளிந்து போகும், பூஞ்சையும் பிடிக்கும்.