விலாசத்தில் 'கிளி.' என்றிருப்பதைக் 'கிளிநொச்சி' ஆக்குவது எப்படி

பரந்தன் பக்கத்துக் கமக்காரர் அமைப்பொன்றின் அங்கத்தவர் பதிவை நான்தான் கணினியில் பார்த்துக்கொள்கிறேன். விலாச நிரலில் ஒருவருக்குக் 'கிளிநொச்சி' என்றிருக்கும், இன்னொருவருக்குக் 'கிளி.' என்றிருக்கும். உர மானியத்துக்குப் பட்டியல் எடுக்கக் 'கிளிநொச்சி' என்று தேடினால் இரண்டாமவர் வரமாட்டார். வரிசையில் நிற்கிற மனிசனுக்கு அது சின்ன விஷயமில்லை.

நான் பாவிப்பது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் எழுதுகிறேன். முதலில் அட்டவணைக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம் எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும்:

செலக்ட் விலாசம், றிப்ளேஸ்(விலாசம், 'கிளி.', 'கிளிநொச்சி') ஃப்றொம் அங்கத்தவர் வெயார் விலாசம் லைக் '%கிளி.%';

பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அவசரப்படாமல் வாசியுங்கள். புள்ளியை விட்டுக் 'கிளி' என்று மட்டும் கொடுத்தால், ஏற்கெனவே சரியாக இருந்ததெல்லாம் 'கிளிநொச்சிநொச்சி' ஆகிவிடும். றிப்ளேஸுக்கு ஊரும் தெரியாது, சொல்லும் தெரியாது. எழுத்துத் தொடர் மட்டுந்தான்.

சரியென்றால் ஸ்டார்ட் ட்றான்செக்சன் போட்டுவிட்டு:

அப்டேட் அங்கத்தவர் செட் விலாசம் = றிப்ளேஸ்(விலாசம், 'கிளி.', 'கிளிநொச்சி') வெயார் விலாசம் லைக் '%கிளி.%';

திரும்ப ஒருமுறை பார்த்து, நல்லதென்றால் கொமிட் (மாற்றம் நிலைக்கும்), இல்லையென்றால் றோல்பேக் (பழையபடி ஆகும்). அட்டவணை இன்னோடிபி வகையாக இருந்தால்தான் றோல்பேக் கைகொடுக்கும். மைஐசம் என்றால் எடுத்துவைத்த பிரதிதான்.

இவ்வளவும் செய்தும் சில பேர் தேடலில் அகப்படமாட்டார்கள். திரையில் 'கிளிநொச்சி' என்றே இருக்கும். காரணம் 'நொ'. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'ொ' ஒரே குறியாகவும் வரும், 'ெ', 'ா' என்று இரண்டு குறியாகவும் வரும். கண்ணுக்கு வித்தியாசமில்லை, றிப்ளேஸுக்கு இரண்டும் வேறு. மாவட்டத்துக்குத் தனி நிரல் இருந்தால் குறிகளை எண்ணும் சார்_லெங்த்(மாவட்டம்) போட்டுப் பாருங்கள். 'கிளிநொச்சி'க்கு ஒரே குறியென்றால் 10, பிரிந்திருந்தால் 11. அதைச் சேர்க்க:

அப்டேட் அங்கத்தவர் செட் விலாசம் = றிப்ளேஸ்(விலாசம், கொன்கட்('ெ', 'ா'), 'ொ');

இதற்கு வெயார் என்ற நிபந்தனை தேவையில்லை. பிரிந்த 'ொ' எங்கே இருந்தாலும் சேர்வது நல்லதுதான். மாவட்ட நிரலுக்கும் இதையே செய்யுங்கள். அப்புறம் 'ே', 'ா' சேர்ந்த 'ோ'வுக்கும். கோணாவில்காரர் விடுபடக் கூடாது.