ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு ஏற்ற பைனாகுலர்: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

வானத்தை அகலமாகப் பார்க்க 7×50 (7 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. அகல முன் லென்ஸ்) பைனாகுலரே சிறந்தது என்ற பழைய அறிவுரை, இளவயதுக் கண்ணுக்கும் இருண்ட வானத்துக்கும் உரியது. நாகர்கோவில் மொட்டை மாடியில் நின்று பார்க்கும் ஐம்பது வயதுக்காரருக்கு இவ்விரண்டும் இல்லை.

முதலில் கண்மணியை, அதாவது ஒளி உள்ளே நுழையும் கருவட்டத்தை, அளக்க வேண்டும். இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும், வயது ஏறினால் பலருக்கு 5 மி.மீ. அளவிலேயே நின்றுவிடும். இது ஆளுக்கு ஆள் மாறுவதால், இரும்புக் கடையில் ஓர் ஆலன் கீ செட் (பல தடிமன்களில் வரும் ‘எல்’ வடிவ அறுகோணக் கம்பிகள்) வாங்கிக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் இருட்டில் இருந்தபின், ஒரு கண்ணை மூடி, பிரகாசமான விண்மீன் ஒன்றைப் பார்த்தபடி, 4 மி.மீ. கீயின் நீண்ட பகுதியைப் புருவத்திலும் கன்னத்திலும் சாய்த்துக் கண்ணுக்கு முன் செங்குத்தாகப் பிடியுங்கள். விழியில் படக் கூடாது. கீயின் இருபுறமும் விண்மீன் தெரிந்தால் கண்மணி அதைவிட அகலமானது. 5, 6 என்று அளவைக் கூட்டிக்கொண்டே போங்கள். எந்தக் கீயில் விண்மீன் முழுதாக மறைகிறதோ, உங்கள் அளவு அதற்குச் சற்றுக் குறைவு.

அடுத்தது வகுத்தல் கணக்கு. 50ஐ 7ஆல் வகுத்தால், கருவியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை சுமார் 7 மி.மீ. அகலம். கண்மணி 5 மி.மீ. என்றால் ஓரத்து ஒளி உள்ளே நுழையாது. 7×35 தரும் வெளிச்சத்துக்காக 7×50இன் எடையைச் சுமக்கிறோம். 10×50, 8×42 இரண்டிலும் கற்றை ஏறத்தாழ 5 மி.மீ.தான்.

நகர வானத்தில் 10×50 இன்னும் பொருத்தமானது என்பேன். உருப்பெருக்கம் கூடினாலும் விண்மீன் புள்ளியாகவே இருக்கும், தெருவிளக்கால் வெளுத்த வானமோ பரவி மங்கிவிடும். ஆகவே இளைஞருக்கும் இங்கே 7×50ஆல் பெரிய லாபமில்லை. பார்வைப் பரப்பு சற்றுக் குறைந்தாலும், 2 பாகைக்குள் அடங்கும் கார்த்திகைக் கூட்டத்துக்கு அது தாராளம். எல்.இ.டி. தெருவில் ஒளி மாசு ஃபில்டருக்குச் செலவிட வேண்டாம்.

அந்தப் பணத்தில் குமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்துக்குப் போய்வரலாம். அங்கே தெற்கே கடல். மே மாத இரவு பத்து மணியளவில், மேகம் இல்லையென்றால், ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து 34 பாகை உயரத்தில் நிற்கும். கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளுங்கள்.

பத்து மடங்கில் கை நடுக்கம் தெரியுமாதலால் ட்ரைபாட் தேவை. வெள்ளெழுத்துக்கு மட்டும் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றிவிடலாம்; சிலிண்டர் பவர் உள்ளவர், கண்ணை 15 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரியும் மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் கண்ணால் பார்க்கும்போதே விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். கடைக்குப் போகும் முன் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.