பாணில் பூத்ததெல்லாம் மியூக்கர் அல்ல

மழை தொடங்கிவிட்டால் கொழும்பில் பாண் இரண்டு நாள் தாங்குவதே பெரிய விசயம். வெள்ளவத்தையில் என்னிடம் உயிரியல் படிக்க வரும் பிள்ளைகளைப் பூஞ்சணம் பிடித்த பாண்துண்டு கொண்டுவரச் சொன்னால், பச்சையோ கறுப்போ, "மியூக்கர், சேர்" என்று, பாடத்தில் படித்த ஒரு பூஞ்சணத்தின் பெயரைச் சொல்லி நீட்டுவார்கள். முதல் தவறே அதுதான். நிறத்தை வைத்துக் குடும்பம் சொல்ல முடியாது. பச்சை அனேகமாகப் பெனிசிலியம். கறுப்பு என்றால் அஸ்பர்ஜிலஸ் நைகராகவும் இருக்கலாம், ரைசோபஸாகவும் இருக்கலாம்.

ஒரு கைவில்லை எடுத்துப் பாருங்கள். பஞ்சுபோன்ற வெள்ளை இழைகள், அவற்றின் நுனியில் குண்டூசித் தலைபோலப் புள்ளிகள் தெரிகின்றனவா? அந்தத் தலைதான் வித்திக்கலன், அதாவது பூஞ்சணம் பரவ உதவும் நுண்ணிய வித்திகள் உள்ள பை. மியூக்கர் சேர்ந்த மியூக்கரேசியே குடும்பத்தில் வித்திகள் அந்தப் பைக்குள் அடைபட்டே இருக்கும். பெனிசிலியத்துக்குப் பையே கிடையாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், தூரிகை நுனியில் மணி கோத்ததுபோல வித்திகள் வெளியே நிற்கும்.

தலையைப் பார்த்தவர்கள் காலை மறந்துவிடுகிறார்கள். ரைசோபஸில் கிடையாக ஓடும் இழை பாணைத் தொடும் இடத்தில் வேர்போன்ற கிளைகள் இறங்கும். அதற்கு நேர் மேலேதான் வித்திக்கலன் காம்புகள் கிளம்பும். மியூக்கரில் அந்த வேர்ப்போலி இல்லை. நீண்டகாலம் ஒரே குடும்பத்தில் இருந்த இந்த இரண்டையும், மரபணு ஒப்பீட்டுக்குப் பிறகு பலர் பிரித்து, ரைசோபஸை ரைசோப்போடேசியே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். பழைய குறிப்புகளில் உள்ள 'சைகோமைக்கோட்டா' என்ற கணமும் (குடும்பங்களுக்கு மேலான பெரும்பிரிவு) 2016இல் இரண்டாக உடைந்தது. இவை இப்போது மியூக்கரோமைக்கோட்டாவில். பரீட்சைக்கு மட்டும் உங்கள் பாடத்திட்டம் சொல்வதையே எழுதுங்கள்!

மியூக்கர், ரைசோபஸ் பற்றி "இழையில் பிரிசுவரே (குறுக்குச் சுவரே) இல்லை" என்று அடித்து எழுதுவதும் சரியல்ல. வளரும் இழையில் இல்லைதான். ஆனால் வித்திக்கலனின் அடியிலும் முதிர்ந்த இழைகளிலும் பிரிசுவர் வரும்.

ரைசோபஸ், மியூக்கர் போன்றவற்றால் வரும், 2021இல் இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்ட 'கறுப்புப் பூஞ்சை' நோயின் பெயரும் பலரைக் குழப்புகிறது. அங்கே கறுப்பு என்பது பங்கசின் நிறம் அல்ல. இரத்தக்குழாய் அடைபட்டு இறந்துபோன இழையத்தின் நிறம். கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்களுக்கு அது ஆபத்தான நோய்.

அப்புறம் அந்தப் பாண். எங்கள் அம்மம்மா பூஞ்சணத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சுட்டுத் தருவா. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். மேலே தெரிவதைவிட இழை உள்ளே தூரம் போயிருக்கும். வகுப்புக்குக் கொண்டுவரும் துண்டையும் சொப்பிங் பையில் இறுகக் கட்டியே கொண்டுவாருங்கள். யாரும் திறந்து மணந்து பார்க்கக் கூடாது.