மெயில் வரவில்லையா? முதலில் பிரவுசரைத் திறங்கள்

மெயில் வரவில்லை என்றதும் பலர் செய்கிற முதல் வேலை, கணக்கையே நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது. தயவுசெய்து அதில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் கணக்கு பாப் (POP) முறையில், அதாவது மெயிலைக் கணினிக்கு இறக்கி வைக்கிற முறையில் இருந்தால் பழைய மெயில்கள் எல்லாம் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். நீக்கும்போது வருகிற சின்னப் பெட்டியில் அவசரத்தில் ஒரு டிக் கூடுதலாகப் போட்டுவிட்டால், வராத ஒரு மெயிலைத் தேடப்போய் வந்த ஐயாயிரம் மெயிலையும் தொலைத்த கதையாகிவிடும்.

நீங்கள் மெயில் பார்க்கிற நிரல் தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ, எதுவாக இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு பிரவுசரைத் திறந்து, அதே கணக்கின் வெப்மெயிலுக்குள் (பிரவுசரிலேயே மெயில் பார்க்கிற பக்கம்) போய் அந்த மெயில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலைதான். அங்கே இருந்தால் கோளாறு உங்கள் கணினிப் பக்கம். அங்கேயும் இல்லையென்றால் நிரலில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அது வரப்போவதில்லை, பிரச்சினை சர்வரிலோ (மெயில் நிறுவனத்தின் கணினி) அனுப்பியவரிடமோ இருக்கிறது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, பாப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

வெப்மெயிலிலும் இல்லை

ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள். "என் நிரலில் ஸ்பேம் காலியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லாதீர்கள், பாப் முறை இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும், சர்வரில் உள்ள ஸ்பேம் ஃபோல்டர் அதன் கண்ணுக்கே தெரியாது. வருடக்கணக்காக வெப்மெயிலைத் திறக்காதவர்கள் ஒருநாள் திறந்து பார்த்தால் அங்கே ஒரு தனி உலகமே இருக்கும்.

அடுத்தது இடம். ஜிமெயிலின் இலவசக் கணக்கில் 15 ஜிபி, அதுவும் மெயிலுக்கு மட்டும் அல்ல, டிரைவும் போட்டோஸும் சேர்த்து. போன் எடுக்கிற வீடியோக்கள் தானாக ஏறி அந்த 15 ஜிபியை நிரப்பிவிட்டால் உங்களுக்கு மெயில் வருவது நின்றுவிடும். கொஞ்சம் அழித்து இடம் பண்ணுங்கள், அழித்ததைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் காலி செய்யுங்கள், அதைச் செய்யாதவரை இடம் திரும்பக் கிடைக்காது.

அப்புறம் வெப்மெயிலின் செட்டிங்ஸுக்குள் போய் ஃபில்டர்கள், தடுக்கப்பட்ட முகவரிகள், ஃபார்வேர்டிங் மூன்றையும் பாருங்கள். ஃபார்வேர்டிங்கில் உங்களுக்குத் தெரியாத முகவரி ஏதாவது இருந்தால் இது மெயில் காணாமல் போன பிரச்சினை இல்லை, யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். கணக்குக்குள் நுழைகிறவர்கள் சத்தமில்லாமல் ஒரு ஃபார்வேர்டிங்கும், வங்கியிலிருந்து வருகிற மெயிலை நேராகக் குப்பைக்கு அனுப்புகிற ஒரு ஃபில்டரும் போட்டுவிட்டுப் போவது பழைய தந்திரம். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள், இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள், மெயிலைத் தேடுவது அதற்குப் பிறகு.

இதெல்லாம் சரியாக இருந்தால் பந்து அனுப்பியவர் பக்கம். அவருக்குத் திரும்பி வந்த மெயில் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் 550 என்று இருந்தால் பெரும்பாலும் முகவரி தப்பு அல்லது சர்வர் மறுத்திருக்கிறது, 552 என்றால் பெட்டி நிரம்பியிருக்கிறது அல்லது இணைப்பு அளவுக்கு மீறியிருக்கிறது, 4இல் தொடங்கும் எண் என்றால் தற்காலிகத் தடங்கல்தான். தற்காலிகத் தடங்கலில் அனுப்பும் சர்வர் கைவிடாமல் திரும்பத் திரும்ப முயலும், நான்கைந்து நாள் வரைக்கும் முயல வேண்டும் என்பதுதான் விதிமுறை. அதனால் காலையில் அனுப்பியது மாலையில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சோதனை மெயில் அனுப்பிப் பார்ப்பதாக இருந்தால் வேறொரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து அனுப்புங்கள். உங்களுக்கு நீங்களே அனுப்புவது நம்பகமான சோதனை அல்ல. கூகுள் குழு ஒன்றில் நீங்கள் உறுப்பினர் என்றால், நீங்கள் குழுவுக்கு எழுதியது உங்கள் ஜிமெயில் இன்பாக்ஸுக்குத் திரும்பி வராது, அனுப்பியவற்றில் மட்டும்தான் இருக்கும். அது தெரியாமல் மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வெப்மெயிலில் இருக்கிறது, நிரலில் இல்லை

வெட்கப்பட வைக்கிற காரணங்களை முதலில் முடித்துவிடுவோம். நிரல் ஆஃப்லைனில் இருக்கிறதா? தண்டர்பேர்டில் கீழே இடது மூலையில் உள்ள சின்னப் படத்தைத் தெரியாமல் ஒரு கிளிக் செய்தாலே போதும். அவுட்லுக்கில் கீழே உள்ள பட்டையில் ஆஃப்லைன் என்று எழுதியே இருக்கும். தண்டர்பேர்டின் குவிக் ஃபில்டரில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா, படிக்காதவை மட்டும் காட்டு என்று வைத்திருக்கிறீர்களா, அவுட்லுக்கில் முக்கியமானவை என்று அது பிரித்து வைக்கிற ஃபோகஸ்டு பக்கத்திலேயே நின்றுகொண்டு அதர் பக்கத்தைப் பார்க்காமல் இருக்கிறீர்களா, இவற்றைப் பாருங்கள்.

வரிசையையும் பாருங்கள். நண்பர் ஒருவர் அனுப்பியது வரவே இல்லை என்று ஒரு நாள் முழுக்க அவரோடு மல்லுக்கட்டினேன். அவருடைய பழைய மடிக்கணினியில் உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி செத்துப் போயிருந்தது, அதனால் அவர் அனுப்பிய மெயில் 2009ஆம் ஆண்டுத் தேதியோடு என் இன்பாக்ஸின் அடியாழத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தேதி என்று தண்டர்பேர்ட் காட்டுவது அனுப்பியவரின் கணினி எழுதிய தேதி. அதில் வந்துசேர்ந்த வரிசைப்படி அடுக்குகிற தேர்வு ஒன்று தனியாக இருக்கிறது, அதை வைத்துப் பார்த்தால் புதிதாக இறங்கியது எந்தத் தேதி போட்டிருந்தாலும் முனையில் வந்து நிற்கும். உரையாடல்களாகக் கட்டி வைத்திருந்தாலும் இதே தொல்லைதான், மூன்று மாதம் முந்தைய பேச்சுக்கு இன்று வந்த பதில் அந்தப் பழைய கட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அடுத்து, நிரலுக்குள் நீங்களே எழுதி மறந்துபோன ஃபில்டர்கள். விளம்பரத் தொல்லை தாங்காமல் தலைப்பில் 'ஆஃபர்' என்ற சொல் இருந்தால் குப்பைக்கு அனுப்பு என்று ஒருமுறை ஒரு ஃபில்டர் போட்டேன். வேலை கிடைத்ததற்கான ஆஃபர் லெட்டர் எந்த ஃபோல்டருக்குப் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தேடும்போது இன்பாக்ஸில் மட்டும் தேடாமல் கணக்கு முழுவதும் அனுப்பியவரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தண்டர்பேர்டில் ஃபில்டர் பதிவேட்டை இயக்கி வைத்தால் எந்த ஃபில்டர் எந்த மெயிலை எங்கே தள்ளியது என்று அது வரிசையாக எழுதி வைக்கும். சந்தேகமாக இருந்தால் எல்லா ஃபில்டர்களின் டிக்கையும் எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை, பாஸ்வேர்டு சரியாகவே இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால் உள்நுழையும் முறையில் பிரச்சினை. பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி நிரல்கள் நுழைகிற பழைய வழியை கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே மாதக் கடைசியில் மூடிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டும் தன் தனிநபர் மெயில் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில் அதையே செய்தது. தண்டர்பேர்டில் சர்வர் செட்டிங்ஸில் அங்கீகார முறையை ஓஆத்2 (OAuth2, நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் வழியாக நுழைகிற முறை) என்று மாற்றி, சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டை நீக்கிவிட்டு நிரலை மறுபடி திறந்தால் ஒரு உள்நுழைவுச் சாளரம் வரும். அது வராவிட்டால் தண்டர்பேர்டில் குக்கீகளைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பலருக்கு அங்கேதான் சிக்குகிறது. ஓஆத்2 தெரியாத பழைய நிரலாக இருந்தால் ஜிமெயிலில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, அந்த நிரலுக்கென்று தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை வாங்கிப் போடலாம்.

பாப்பா, ஐமேப்பா

உங்கள் கணக்கு எந்த முறை என்று தெரியாவிட்டால் சர்வர் செட்டிங்ஸில் போர்ட் எண்ணைப் பாருங்கள். 995 அல்லது 110 என்றால் பாப், 993 அல்லது 143 என்றால் ஐமேப் (IMAP), அதாவது மெயிலைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவிகளிலும் காட்டுகிற முறை. இரண்டிலும் முதலில் சொன்ன எண்தான் ஆரம்பம் முதலே குறியாக்கம் செய்த பாதுகாப்பான வழி.

முன்னே சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. பாப் முறை மெயிலை இறக்கிய பிறகு சர்வரிலிருந்து அழித்துவிடக்கூடும். வீட்டுக் கணினி, அலுவலக மடிக்கணினி, போன் மூன்றிலும் அதே கணக்கைப் பாப் முறையில் வைத்திருந்தால் எது முதலில் கதவைத் தட்டுகிறதோ அதற்கு மெயில், மற்ற இரண்டுக்கும் வெறுங்கை, வெப்மெயிலிலும் ஒன்றும் இருக்காது. பாதி மெயில் இங்கே, பாதி அங்கே என்று சிதறிக் கிடந்தால் காரணம் கிட்டத்தட்ட நிச்சயமாக இதுதான். எல்லாக் கருவிகளிலும் 'சர்வரிலேயே விட்டுவை' என்ற தேர்வில் டிக் போடுங்கள். அதற்குக் கீழே 14 நாளுக்குப் பிறகு அழி என்று வழக்கமாக ஒரு வரி இருக்கும், அதையும் படித்துப் பாருங்கள். ஜிமெயிலைப் பாப்பில் வைத்தே ஆகவேண்டும் என்பவர்கள் பயனர்பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் ரீசென்ட் என்று எழுதி ஒரு முக்காற்புள்ளி (recent:) வைத்துப் பாருங்கள். வேறொரு கருவி ஏற்கெனவே இறக்கியிருந்தாலும் கடந்த 30 நாள் மெயில் இதற்கும் வரும். என்னைக் கேட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட கருவி இருக்கிறவர்கள் ஐமேப்புக்கு மாறிவிடுவதே நிம்மதி.

பாப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அது மெயில்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும். நடுவில் ஒன்று பெரிய இணைப்போடு இருந்தோ, கோணல்மாணலாக இருந்தோ, ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து வைத்துக்கொண்டோ நின்றுவிட்டால் பின்னால் உள்ள அத்தனையும் வரிசையில் காத்திருக்கும். கீழே உள்ள பட்டையைக் கவனியுங்கள். '12இல் 3' என்று ஒவ்வொரு முறையும் அதே எண்ணிலேயே நின்றால், முன்னால் வந்த இரண்டும் திரும்பத் திரும்ப நகலாக இறங்கினால், அடைத்துக்கொண்டிருப்பது அந்த மூன்றாவதுதான். வெப்மெயிலில் போய் அதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், மிச்சம் கடகடவென்று இறங்கும்.

ஐமேப்பில் சிக்கல் வேறு மாதிரி. சர்வரில் உள்ள ஃபில்டர் ஒரு மெயிலை 'பில்கள்' என்ற ஃபோல்டருக்கு அனுப்பிவிட்டால் தண்டர்பேர்ட் அதைக் கவனிக்காமல் போகலாம், ஏனென்றால் தானாக அது பார்ப்பது பெரும்பாலும் இன்பாக்ஸை மட்டும்தான். அந்த ஃபோல்டரின் பண்புகளில் புது மெயில் பார்க்கும்போதெல்லாம் இதையும் பார் என்பதற்கு டிக் போடுங்கள். ஃபோல்டரே தெரியவில்லை என்றால் சப்ஸ்கிரைப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். ஜிமெயிலில் ஒவ்வொரு லேபிளுக்கும் ஐமேப்பில் காட்டலாமா என்று தனித் தேர்வு இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரி, மெயில் இறங்குவதும் தெரிகிறது, பட்டியலில்தான் இல்லை என்றால் ஃபோல்டரின் குறிப்பட்டவணை கெட்டிருக்கலாம். தண்டர்பேர்டில் ஃபோல்டர் மேல் வலது கிளிக், பண்புகள், ரிப்பேர் ஃபோல்டர். அது அட்டவணையை அழித்துப் புதிதாக எழுதும். அவுட்லுக்கில் மெயில்கள் பிஎஸ்டி (PST) கோப்பில் இருக்கிறதென்றால் மைக்ரோசாஃப்ட்டே தருகிற ஸ்கேன்பிஎஸ்டி கருவியை ஓட்டுங்கள், ஆனால் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு. இதற்கும் மசியாவிட்டால் ஆட்ஆன்களை, அதாவது நிரலோடு நீங்கள் சேர்த்த கூடுதல் வசதிகளைச் சந்தேகியுங்கள். அவை இல்லாமல் திறந்து பார்க்க தண்டர்பேர்டின் உதவி மெனுவில் பழுது பார்க்கும் முறை இருக்கிறது, விண்டோஸில் கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக்கைத் திறந்தால் சேஃப் மோடு வேண்டுமா என்று கேட்கும்.

இத்தனைக்கும் பிறகு கணக்கை நீக்கிச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், தண்டர்பேர்டில் உதவி மெனுவின் பழுது நீக்கும் தகவல் பக்கத்திலிருந்து புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, நிரலை முழுசாக மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே வேறொரு டிரைவில் நகல் எடுத்த பிறகு கை வையுங்கள்.